நின்ற வாழைக்குத்தான் விலை

தென்காசி வட்டாரத்தில் வாழை வளர்க்கத் தெரியாத விவசாயி இல்லை. குலை தள்ளியதிலிருந்து வெட்டும்வரை உள்ள மூன்று மாதங்களில்தான் சிறு விவசாயியின் கணக்கு கவிழ்கிறது.

ஆனி பிறந்து அருவியில் தண்ணீர் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துச் சிப்ஸ் கடைகளில் அடுப்பு அணைவதில்லை. கொப்பரையில் தேங்காய் எண்ணெய் கொதிக்கிறது. அதற்கு நேர் மேலே சீவுகட்டையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் ஏத்தங்காயை, அதாவது நேந்திரங்காயை, இழுக்க, வில்லைகள் நேராக எண்ணெயில் விழுகின்றன. மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரை ஒரு கரண்டி தெளித்ததும் சடசடவென்று சத்தம். ஈரத் தலையோடும் தோளில் துண்டோடும் நிற்கிற கூட்டம் இன்னும் ஓர் அடி முன்னே நகர்கிறது. மேற்கேயிருந்து சாரலை அள்ளிக்கொண்டு வரும் காற்று எல்லார் முகத்திலும் அடிக்கிறது. காசு செலவழித்து வந்ததே இந்தக் காற்றுக்காகத்தானே!

அதே காற்று அதே நேரத்தில் செங்கோட்டை, பண்பொழி, வடகரை, மேக்கரை பக்கத்து வாழைத் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்துகொண்டிருக்கிறது. அங்கே குலை தள்ளி நாற்பது, ஐம்பது நாள் ஆன ஏத்தன் வாழைகள் தலைப்பாரத்தோடு நிற்கின்றன. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ஏத்தன் சாய்கிறது. காலையில் வரப்பில் நின்று விழுந்த மரங்களை எண்ணுவது இந்த வட்டாரத்து விவசாயிக்கு ஆண்டுதோறும் வாய்க்கிற வேலை.

விழுந்த தாரைச் சிப்ஸ் கடைக்காரர் வாங்கமாட்டார். முற்றாத காயில் மாவு பிடித்திருக்காது. பஜ்ஜிக்கும் பொரியலுக்கும் போகிற கறிக்காய் விலைதான் அதற்கு.

தண்ணீரும் காற்றும் ஒரே வழியில்

தென்காசிக்கு மேற்கே ஆரியங்காவில் மேற்குத் தொடர்ச்சி மலை கொஞ்சம் தாழ்ந்து வழிவிடுகிறது. கொல்லம் ரயில் போவதும் புளியரை வழியாக 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஏறுவதும் அந்த வழியில்தான். தென்மேற்குப் பருவக்காற்றும் அதே வழியில்தான் இறங்குகிறது. காற்றாலை போடுகிறவர்கள் பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழியோடு செங்கோட்டைக் கணவாயையும் சேர்த்துத்தான் தமிழ்நாட்டின் காற்று வழிகளைச் சொல்வார்கள். சுரண்டைப் பக்கம் போனால் வயலுக்கு நடுவே நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி.

2019 நவம்பரில் நெல்லையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசிக்குத் தண்ணீரும் இந்த மலை கொடுப்பதுதான். கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று அடிவாரத்தில் வரிசையாக ஐந்து அணைகள். அவற்றில் 36 அடி உயரமே உள்ள குண்டாறு, சாரல் வலுத்த சில நாட்களிலேயே நிரம்பிவிடும். சிற்றாறு குற்றாலத்தில் அருவியாக விழுந்து, அணைக்கட்டுகளிலும் குளங்களிலும் பாய்ந்து, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. ஆண்டுக்கு 1,800 முதல் 2,000 மில்லிமீட்டர் தண்ணீர் கேட்கிற வாழைக்கு இதைவிட நல்ல இடம் எது? இந்த ஊர்க்காரர்கள் வாழை போட்டதில் தப்பே இல்லை. தண்ணீர் வருகிற வாசலில்தான் காற்றும் வருகிறது என்பதுதான் சங்கடம்.

வாழை மரம் என்று வாய் சொன்னாலும் அதில் கட்டை கிடையாது. இலை மட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்ட தண்டுதான். வேரின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்து கிடக்கும். சாரலில் மண் ஊறியிருக்கும்போது காற்றடித்தால் மரம் வேரோடு சாயும். சித்திரை, வைகாசியில் இடியோடு வரும் சூறைக்காற்றில் இடுப்பில் ஒடியும். உள்ளே தண்டுக் கூன்வண்டு துளை போட்டிருந்தால் லேசான காற்றே போதும். இந்த வண்டுக்கு மிகவும் பிடித்தது ஏத்தன்தான்.

அப்படியானால் ஏத்தனை ஏன் போட வேண்டும்?

ஓணம் குறிக்கும் தேதி

போடச் சொல்வது கேரளம். ஓணச் சாப்பாட்டில் சிப்ஸும் சர்க்கரை உப்பேரியும் இல்லாமல் இலை நிறையாது. ஒரு கிலோ சிப்ஸுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ காய் வேண்டும். அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்கக் கேரளத்து நிலம் போதாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லாரிகள் எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டிப் போவது அன்றாடக் காட்சி. ஆவணி நெருங்கும்போது அவற்றில் ஏத்தன் தார்களும் கனத்து ஏறும்.

ஏத்தனுக்குப் பத்து, பதினொரு மாத வயது. ஓணச் சந்தைக்குத் தார் வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் கன்று நட வேண்டும். அப்படி நட்டால் வைகாசி, ஆனியில் குலை தள்ளும். பிறகு ஏறக்குறைய 85, 90 நாள் காய் திரளும் காலம். காற்று உச்சத்தில் இருக்கும் மாதங்களும் அவைதாம். அதாவது, சந்தை சொல்லும் தேதிக்கு நட்டால் மரம் மிகவும் கனமாக இருக்கும் நாளும் காற்று மிகவும் வலுவாக இருக்கும் நாளும் ஒன்றாகிவிடுகின்றன. காற்றுக்குப் பயந்து மாற்றி நட்டால் தார் நிற்கும், விலை நிற்காது.

ஓணத்தின் தேதியும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2023இல் ஆகஸ்ட் 29, 2024இல் செப்டம்பர் 15, 2025இல் செப்டம்பர் 5. கன்று நடும்போதே பஞ்சாங்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப் புரட்டி நட்டாலும், 2018 ஆகஸ்ட்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்ததும் 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்ததும் எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. இரண்டு ஆண்டும் கேரள அரசு ஓணக் கொண்டாட்டங்களைக் கைவிட்டது. அங்கே ஓணம் சுருங்கினால் இங்கே தோட்டத்தில் தார் பழுக்கும்.

பெட்டிச் செய்தி: ஏத்தன் எண்களில்

• நடவு இடைவெளி 1.8 மீட்டர் × 1.8 மீட்டர். இந்தக் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 1,250 கன்று. பேச்சுவழக்கில் 'ஏக்கருக்கு ஆயிரம் வாழை'.

• தாருக்கு ஐந்து, ஆறு சீப்பு. எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ.

• ஒரு மரத்துக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் சத்து: தழை 150 கிராம், மணி 90 கிராம், சாம்பல் 300 கிராம். சாம்பல் சத்துக்கான பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி. 2022இல் மூட்டை 1,700 ரூபாய்வரை போனது.

• அடர் நடவு: 1.8 × 3.6 மீட்டர் இடைவெளியில் குழிக்கு மூன்று கன்று. ஹெக்டேருக்கு சுமார் 4,600 மரம்.

டன் கணக்கில் வராத திறமை

உலகத்தில் விளையும் வாழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. தேசியச் சராசரி ஹெக்டேருக்கு 35 டன்னைத் தாண்டுகிறது. மராட்டியத்தின் ஜல்கானில் சொட்டுநீரும் திசு வளர்ப்புக் கன்றும் சேர்ந்து 60 டன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். இந்த எண்களைக் காட்டித் தென்காசிக்காரரைக் குறை சொல்வது எளிது. ஆனால் ஜல்கானில் நிற்பது ஜி-9. தார் 25 கிலோவுக்குக் குறையாத ரகம். அதைச் சீவி எண்ணெயில் போட்டால் ஓணத்துக்கு ஆகாது. 12 கிலோ ஏத்தனை 25 கிலோ ஜி-9 பக்கத்தில் நிறுத்தி எடை பார்ப்பதில் அர்த்தமில்லை.

தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த அளவு நிலத்தை வைத்திருப்பவர் வாழைக்கு நடுவே இருக்கும் இடத்தைச் சும்மா விடமாட்டார். கன்று நட்ட முதல் மூன்று, நான்கு மாதத்தில் உளுந்தோ சின்ன வெங்காயமோ வெண்டையோ எடுத்துவிடுவார். உரச்செலவில் ஒரு பகுதி அதில் வந்துவிடும். வரப்போரம் இலைக்கென்று நாலு சக்கை வாழை நிற்கும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்தபிறகு இலைக்குக் கிராக்கி உண்டு. முகூர்த்த மாதமென்றால் கேட்கவே வேண்டாம். இது எதுவும் 'ஹெக்டேருக்கு இத்தனை டன்' என்ற கணக்குக்குள் வராது. வீட்டார் போடும் உழைப்பும் வராது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் கூலியை எழுதினால் லாபம் என்று நினைத்ததில் பாதி காணாமல் போகும்.

விளைச்சலைக் கூட்ட வழி இல்லாமலில்லை. 1993இல் திருச்சியில் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் வேளாண் பல்கலைக்கழகமும் சொல்லாத யோசனையா? ஈட்டி இலைக் கன்றாகப் பார்த்து எடு, கிழங்கைச் சீவி மருந்தில் நனைத்து நடு, மண் அணை, நுண்சத்தை இலையில் தெளி. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு மானியமும் இருக்கிறது. இதையெல்லாம் செய்து தாருக்கு ஒரு கிலோ கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஆயிரம் வாழை, தார் 12 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் வரவு 3,60,000. தாருக்கு ஒரு கிலோ கூடினால் 30,000 ரூபாய் அதிகம். சந்தோஷம்தான். ஆனால் ஆடியில் 150 மரம் விழுந்தால் போவது 54,000. விலை 30இலிருந்து 15க்கு இறங்கினால் போவது 1,80,000. பத்து மாதம் பாடுபட்டுச் சேர்த்த ஒரு கிலோவை ஒரே இரவுக் காற்று விழுங்கிவிடும். ஒரு வாரத்து விலைச்சரிவு அதைப்போல் ஆறு மடங்கை விழுங்கும். இந்த வட்டாரத்தில் மகசூல் என்பதை நட்ட மரத்தை வைத்துக் கணக்கிடுவதே தவறு. வெட்டும் நாளில் எத்தனை மரம் நின்றது, அந்த வாரம் என்ன விலை போனது என்ற இரண்டையும் விட்டுவிட்டுப் பேசுகிற 'உற்பத்தித் திறன்' கருத்தரங்கு மேடைக்குத்தான் உதவும்.

கம்புக்கு ஆகும் செலவு

மரத்தை நிறுத்த வழி கம்புதான். சவுக்கோ மூங்கிலோ, குலை தள்ளிய மரத்துக்கு ஒன்றாவது ஊன்ற வேண்டும். ஆயிரம் மரத்துக்கு ஆயிரம் கம்பு. வாங்கும் விலை, ஏற்றுக்கூலி, ஊன்றும் கூலி, அடுத்த ஆண்டுவரை மழையில் உளுத்துப்போகாமல் அடுக்கிவைக்க ஓர் இடம். கையில் பணமில்லாத ஆண்டில் முதலில் வெட்டு விழுவது இந்தச் செலவில்தான். காற்று பலமாக இருக்காது என்ற நம்பிக்கையில் பாதி மரத்துக்கு மட்டும் கம்பு கொடுப்பார்கள். சூதாட்டம் என்று சொல்லலாம்தான். கடன் வாங்கிக் கம்பு ஊன்றியபிறகு விலை சரிந்தால் அதுவும் சூதாட்டம்தானே?

செலவு குறைந்த வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் நாடாவால் மரத்தை மரத்தோடு இழுத்துக் கட்டலாம். மேற்கு ஓரத்தில் அகத்தியை நெருக்கி விதைத்துக் காற்றின் வேகத்தை உடைக்கலாம். குழிக்கு மூன்றாக நட்டால் மூன்றையும் சேர்த்துக் கட்டிவிடலாம். ஆனால் அடர் நடவில் வெயில் பங்குபோவதால் வயது சில வாரம் நீள்கிறது. சில வாரம் நீண்டால் ஓணம் முடிந்துவிடும்! திசு வளர்ப்புக் கன்றிலும் இப்படியொரு வில்லங்கம். எல்லாம் ஒரே சமயத்தில் குலை தள்ளும் என்பது வியாபாரிக்கு வசதி. அதே காரணத்தால் பெருங்காற்று வரும் இரவில் தோட்டம் முழுவதும் ஒரே பருவத்தில் சிக்கிக்கொள்ளும்.

அனுபவசாலிகள் ஓர் ஏக்கரையே மூன்றாகப் பிரித்து மாதம் விட்டு மாதம் நடுகிறார்கள். ஒரு காற்றில் எல்லாம் போகாது. ஒரு வாரத்து விலையில் எல்லாம் மாட்டாது. இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு கிடையாது. ஆனால் வியாபாரிக்கு வேண்டியது லாரி நிறையச் சரக்கு. முந்நூறு தாருக்காக அவர் தோட்டத்துக்கு வண்டி அனுப்பமாட்டார். ஆட்டோவில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனால் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, கமிஷன். காற்றிலிருந்து காப்பாற்றுகிற அதே சிறு பாத்தி, விலை பேசும் இடத்தில் விவசாயியின் காலை வாரிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் வெட்டி ஒரே வண்டியில் ஏற்ற ஓர் ஏற்பாடு வேண்டும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை இதுதான். உரமும் பூச்சிமருந்தும் விற்கக் கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

பெட்டிச் செய்தி: புளியரைக்கு அந்தப் பக்கம்

• கேரளத்தில் 1995 முதல் மாநில அரசின் சொந்தப் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதில் வாழைக்கு மரம்தான் கணக்கு. மரத்துக்கு 3 ரூபாய் பிரீமியம். குலை தள்ளிய நேந்திரன் காற்றில் விழுந்தால் 300 ரூபாய், குலை தள்ளாதது விழுந்தால் 150 ரூபாய்.

• 2020 நவம்பர் 1 முதல் 16 வகை காய், கிழங்குகளுக்கு அடிப்படை விலை. நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய். வயநாட்டு நேந்திரனுக்கு 24 ரூபாய்.

சராசரியில் மறையும் தோட்டம்

தமிழ்நாட்டில் வாழைக்குப் பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உண்டு. விவசாயி கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு. இழப்பீடு தனித்தனித் தோட்டத்தைப் பார்த்து வருவதில்லை. அந்தப் பகுதி முழுவதன் சராசரி மகசூல் குறைந்தால்தான் வரும். தனித் தோட்டத்தைப் பார்த்து மதிப்பிடும் விதி ஒன்று இருக்கிறது. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னலால் பிடித்த தீ ஆகியவற்றுக்கு மட்டும். காற்று அந்தப் பட்டியலில் இல்லை.

கணவாய்க் காற்று ஒரு வரிசையைச் சாய்த்துவிட்டு அடுத்த தோட்டத்தைத் தொடாமல் போகும். மலையடிவாரத்தில் நாலு தோட்டம் தரைமட்டமாகியிருக்கும். கிழக்கே கொஞ்சம் தள்ளி எல்லாம் நன்றாக நிற்கும். சராசரி எடுத்தால் மகசூல் சரியாகவே இருக்கும். பேரிடர் நிவாரணத்துக்கு வேறு வாசலில் நிற்கலாம். அங்கே 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமானால்தான் விண்ணப்பம். ஆயிரத்தில் 300 மரம் விழுந்தவருக்கு அங்கும் இடமில்லை.

புளியரையைத் தாண்டிச் சில கிலோமீட்டர் போனால் விழுந்த மரத்தை எண்ணிப் பணம் கொடுக்க ஓர் அரசால் முடிகிறது. ஜல்கான் விவசாயிக்கு வானிலை சார்ந்த காப்பீட்டில் வேகக் காற்றும் சேர்ந்திருக்கிறது. கரீபியக் கடலில் செயின்ட் லூசியா, டொமினிக்கா போன்ற குட்டித் தீவுகள் 1980களின் இறுதியிலேயே சிறு வாழை விவசாயிகளுக்குப் புயல்காற்றுக் காப்பீடு ஏற்படுத்தின. காற்றாலைக்காரர்களுக்காகக் காற்றை மணிக்கணக்கில் அளக்கிற வட்டாரத்தில் வாழைக்காக அதை அளக்க முடியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மலையிலிருந்து வேறு விருந்தாளிகள்

காற்று தப்பவிட்டதைப் பன்றி பார்த்துக்கொள்ளும். கன்று நட்ட புதிதில் கிழங்கைக் கிண்டித் தின்பது காட்டுப்பன்றியின் வேலை. வடகரை, மேக்கரை பக்கம் யானை இறங்கினால் தென்னையும் வாழையும் சேர்ந்தே போகும். காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அரசாணை 2025 ஜனவரியில் வந்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டும் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. அடிவாரத் தோட்டங்கள் இருப்பதே அந்த ஒரு கிலோமீட்டருக்குள்தான். பன்றி அதிகம் மேய்கிற இடத்தில் செல்லாத ஆணை என்று விவசாயிகள் அலுத்துக்கொள்வதில் நியாயமிருக்கிறது. காட்டுக்குள் போய்ச் சுடு என்று எந்த அரசும் சொல்லாது என்பதும் உண்மை. மிச்சமிருப்பது வேலியும் இழப்பீடும். 2026 காரிப் பருவத்திலிருந்து வனவிலங்குச் சேதத்தையும் தனித் தோட்ட மதிப்பீட்டில் சேர்க்கப்போவதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. மாநில அரசு எந்தப் பகுதிகளை அறிவிக்கிறது என்பதில்தான் தென்காசியின் பங்கு இருக்கிறது.

அடங்கலில் இல்லாத பெயர்

இத்தனை திட்டத்துக்கும் முதலில் கேட்கும் காகிதம் பட்டாவும் அடங்கலும். வாழை போடுகிறவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். ஓராண்டுக்கு இத்தனை ரூபாய் என்று வாய்ப்பேச்சில் முடிந்த குத்தகை. குத்தகைதாரரைப் பதிவேட்டில் ஏற்ற 1969இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் நிலத்துக்காரர் அந்தப் பக்கமே வருவதில்லை. குத்தகைக்காரரும் வற்புறுத்தமாட்டார், அடுத்த ஆண்டு நிலம் வேண்டுமே. சொட்டுநீர் மானியம், காப்பீடு, நிவாரணம் மூன்றும் இவருக்கு எட்டாது. கம்பு வாங்கும் கடனுக்குக்கூட வங்கி வாசல் திறக்காது. தார் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் கொடுத்தவர்தான் பிறகு விலையும் சொல்வார்.

நிலம் சொந்தமாக உள்ளவர்கள் வேறு முடிவுக்கு வருகிறார்கள். ஓர் ஆண்டு வாழை கவிழ்த்துவிட்டால் அடுத்த ஆண்டு வாழைக்கு நடுவிலேயே தென்னங்கன்று வைக்கிறார்கள். நாலைந்து ஆண்டு இரண்டும் சேர்ந்து நிற்கும். பிறகு தென்னை நிழல் கட்டிவிடும், வாழை வெளியேறும். தென்னைக்கு ஆள் அதிகம் வேண்டாம். தோட்டக்காரர் சென்னையிலோ துபாயிலோ இருந்தாலும் நடக்கும். கன்று நடுவதற்கும் மண் அணைப்பதற்கும் தார் சுமப்பதற்கும் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு அந்தத் தோட்டத்தில் பிறகு வேலை இருக்காது. குற்றாலத்துக்குப் பக்கத்து வயல்களில் மூன்றாவது வழியும் திறந்திருக்கிறது. கல் ஊன்றிக் கயிறு கட்டி, 'அருவிக்கு மிக அருகில்' என்று பலகை வைத்தால் சென்ட் கணக்கில் விலை பேசலாம். அந்தக் கல்லைக் காற்று சாய்ப்பதில்லை. ஐப்பசி நடவுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு இப்போது இந்த மூன்றைச் சுற்றித்தான்: மறுபடி ஏத்தனா, தென்னையா, மனையா.